சிறுநீரக நோயாளிக்கு ஏற்ற உணவு எது?

இளநீர், முருங்கைக்கீரை, வாழைப்பழம், கேழ்வரகுக் கூழ் ஆகியவை நம் தோட்டத்திலும் வயலிலும் கிடைக்கும் சத்துள்ள உணவுகள். நலமாக உள்ளோர் இவற்றைத் தாராளமாக உண்ணலாம். ஆனால், சிறுநீரகம் பழுதடைந்தவருக்கு இவையே தீங்காக முடியக்கூடும். தெம்புக்காக அன்போடு கொடுக்கும் இளநீர், சில வேளைகளில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். காரணத்தை அறிந்துகொண்டால் உணவைத் தேர்ந்தெடுப்பது எளிது.

சாம்பல் சத்தும் சிறுநீரகமும்

வாழைக்கும் தென்னைக்கும் பொட்டாஷ் உரம் இடுகிறோம். அந்தச் சாம்பல் சத்துதான் காய், கனி, கீரைகளில் பொட்டாசியமாகச் சேர்கிறது. உடலுக்கு மிஞ்சிய பொட்டாசியத்தைப் பெரும்பாலும் சிறுநீரகங்களே வெளியேற்றுகின்றன. அவை பழுதுற்றால் அது ரத்தத்தில் தேங்கிவிடும். ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லி ஈக்விவலன்ட் வரை இருக்கலாம். 6-க்கு மேல் சென்றால் இதயத் துடிப்பு தடுமாறும். முன்னறிகுறி இன்றியே இதயம் நின்றுவிடவும் கூடும்.

ஆகவே, உணவை மாற்றுமுன் ரத்தப் பரிசோதனை இன்றியமையாதது. பொட்டாசியம் சரியான அளவில் உள்ளவருக்குக் காய், பழங்களை வீணாக நிறுத்த வேண்டியதில்லை. கீழ்க்காணும் கட்டுப்பாடு அளவு மிகுந்தவர்களுக்கே உரியது.

காய்களும் பழங்களும்

புடலை, பீர்க்கு, சுரை, வெள்ளரி ஆகியவற்றில் பொட்டாசியம் குறைவு. கீரை வகைகள், முருங்கை, உருளை, சேனை, மரவள்ளி, சர்க்கரைவள்ளி ஆகியவற்றில் அதிகம். பழங்களில் ஆப்பிள், பேரிக்காய், அன்னாசி ஆகியவற்றைச் சிறிதளவு கொடுக்கலாம். வாழை, பலா, பேரீச்சை, இளநீர் ஆகியவற்றைத் தவிர்த்தல் வேண்டும். ஐந்து விளிம்புள்ள நட்சத்திரப் பழம், பொட்டாசியம் சரியாக உள்ள சிறுநீரக நோயாளிக்கும் அறவே கூடாது. அதிலுள்ள நச்சு மூளையைப் பாதிக்கும்.

சமைக்கும் முறை

பொட்டாசியம் நீரில் கரையக்கூடியது. எனவே, காய்களைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டிவிட்டுப் பிறகு தாளிக்க வேண்டும். இதனால் பொட்டாசியம் கணிசமாகக் குறையும். வடித்த நீரில் ரசமோ சூப்போ வைத்துக் கொடுத்தால் பயனில்லை. சோற்றையும் வடித்தே கொடுக்கலாம், கஞ்சி வேண்டாம். கேழ்வரகு, கம்பு ஆகியவற்றில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் அரிசியைவிட மிகுதி. ஆதலால் இவர்களுக்கு அரிசிச் சோறே ஏற்றது. நீரிழிவும் இருப்பின் சோற்றின் அளவை மருத்துவர் கூறுவார்.

உப்பு

எல்லா உணவிலும் சேர்த்து நாளொன்றுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்கு மேல் உப்பு கூடாது. ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு ஆகியவற்றை ஒதுக்க வேண்டும். இந்துப்பும் உப்புதான், அதனால் நன்மை ஏதும் இல்லை. "சோடியம் குறைந்த உப்பு" என விற்கப்படுவதை வாங்கவே கூடாது. அதில் சேர்க்கப்படும் பொட்டாசியம் குளோரைடு, நாம் வயலுக்கு இடும் மியூரியேட் ஆப் பொட்டாஷ் உரத்தில் உள்ள அதே பொருளாகும்.

பருப்பும் முட்டையும்

டயாலிசிஸ் தொடங்காதவருக்குப் புரதத்தை அளவோடு கொடுக்க வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 0.8 கிராம், அதாவது 50 கிலோ எடையுள்ளவருக்கு 40 கிராம் போதுமானது. ஒரு முட்டையில் 6 கிராமும், 30 கிராம் பருப்பில் ஏறத்தாழ 7 கிராமும் உள்ளன. சோற்றிலிருந்தும் ஓரளவு புரதம் கிடைக்கும். டயாலிசிஸ் தொடங்கிய பின் புரதம் கூடுதலாகத் தேவை. அப்போதும் முட்டையை நிறுத்தி வைத்தால் நோயாளி மெலிந்து நலிவுறுவார்.

தண்ணீரும் கஷாயமும்

சிறுநீரகக் கல் உள்ளவரை நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வதும், வாழைத்தண்டுச் சாறு கொடுப்பதும் வழக்கம். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு இது பொருந்தாது. கால் வீக்கமும் மூச்சுத் திணறலும் உள்ளவருக்குத் தண்ணீர், மோர், காபி அனைத்தையும் கணக்கிட்டு, மருத்துவர் சொன்ன அளவிலேயே கொடுக்க வேண்டும். நெருஞ்சில், சிறுபீளை போன்றவற்றின் கஷாயங்களையும், வலி மாத்திரைகளையும் மருத்துவரைக் கேளாமல் கொடுத்தல் கூடாது.

திடீரெனக் கை கால் தளர்ந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

மண்ணைப் பரிசோதித்து உரமிடுவது போல, ரத்தத்தைப் பரிசோதித்து உணவிடுவதே முறை. பரிசோதனைச் சீட்டை வீட்டில் சமைப்பவருக்கும் காட்டி விளக்குங்கள். நலம் விசாரிக்க வரும் உற்றாரிடம், என்ன வாங்கி வரக்கூடாது என்பதையும் தயங்காமல் சொல்லிவிடுங்கள்.