காசு வரும் திகதி

அன்புள்ள பிள்ளைக்கு,

போன ஞாயிறு பிளேஸ்டோ ஸ்டேஷன் வாசலில் நீ சொன்னாய்: "கிராண்ட் கிடைத்துவிட்டது மாமா, இனி இரண்டு வருஷத்துக்குக் கவலை இல்லை." முதல் பாதி சந்தோஷம். இரண்டாம் பாதியைக் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். நீ இறங்கும் வைட்சேப்பல் அங்கிருந்து ஆறாவது ஸ்டேஷன், அதற்குள் வாசித்துவிடலாம்.

நாங்கள் பிளேஸ்டோ என்று எழுதுகிறோம், ஊர்ச்சனம் பிளாஸ்டோ என்கிறது. கிராண்டும் அப்படித்தான். கடிதத்தில் ஒன்று, கையில் வேறொன்று.

கணக்குப் போட்டுப் பார். உங்களுடையது சின்னக் கம்பனி. திட்டச் செலவு 1,00,000 பவுண்ஸ் என்றால் இன்னோவேட் யூகே கூடினால் 70 வீதம் தரும். மிச்சம் 30,000 உங்கள் காசு. அதுகூடப் பரவாயில்லை. பொதுவாக அந்த 70 வீதமும் முன்பணமாக வராது. செலவழித்து, மூன்று மாதம் முடிந்து கிளெய்ம் போட்டு, கண்காணிக்கும் அலுவலர் பார்த்த பிறகுதான் வரும். ஒரு வருஷத் திட்டம் என்று வைத்தால், முதல் மூன்று மாதத்தில் 25,000 போயிருக்கும். காசு வருவதற்குள் நாலாம் மாதச் சம்பளமும் போய்விடும். ஏறத்தாழ 33,000 பவுண்ஸ் வெளியே போன பிறகு 17,500 உள்ளே வருகிறது. நல்ல ஆராய்ச்சி வைத்திருந்த கம்பனிகள் இந்த இடைவெளியில் மூச்சுத் திணறியதைக் கண்டிருக்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் இருந்தவரை இது உனக்குத் தெரிய வாய்ப்பில்லை. ஆராய்ச்சிக் கவுன்சில்கள் முழுச் செலவில் 80 வீதம்தான் பொதுவாகத் தருகின்றன. மிச்சத்துக்கு வழி பார்த்தது யார் என்று எந்த ஆராய்ச்சி மாணவர் கேட்டார்? நானும் கேட்கவில்லை.

ஆனால் உன் அம்மாவுக்கு இந்த இடைவெளி தெரியும். ஈஸ்ட்ஹாமில் பதினைந்து வருஷம் சீட்டுப் பிடித்தவ. அவ கணக்கு எழுதிய நீலக் கொப்பி இன்னும் குசினி லாச்சியில்தான் கிடக்கும். ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் இரண்டு திகதி: தருவதாகச் சொன்ன நாள், தந்த நாள். சீட்டு எடுத்தவருக்குக் காசு கொடுக்கிற நாளில் இரண்டு பேர் கட்டவில்லை என்றால் கைக்காசைப் போட வேண்டியது அவதானே. வார இறுதிப் பயிற்சிகளில் 'காஷ்ஃப்ளோ' என்று படம் போட்டுக் காட்டுவது இதைத்தான். அம்மா படம் போடவில்லை, அவ்வளவுதான்.

என் மடத்தனம் ஒன்றையும் கேள். என் கிராண்ட் திட்டம் தொடங்கும் திகதிக்கு ஒன்பது நாள் முன்பே ஆன்டிபாடி ஓடர் பண்ணினேன். வர நாளெடுக்கும் என்ற அவசரம். 3,800 பவுண்ஸ் இன்வொய்ஸ். தொடங்கும் திகதிக்கு முந்திய செலவு செல்லாது. ஒரு சதமும் வரவில்லை.

அடுத்தது டைம்ஷீட். லாப் நோட்டை அன்றன்றே எழுதுகிறாய்; உழைத்த நேரத்தை மட்டும் மாதக் கடைசியில் யோசித்து எழுதுவாய். வேண்டாம். மேற்செலவை எளிய முறையில் கேட்டால், சம்பளச் செலவில் 20 வீதம் என்று கணக்கு. நீ எழுத மறந்த ஒரு நாளோடு அதற்குரிய மேற்செலவும் போகிறது. பிசிஆர் ஓடிக்கொண்டிருக்கும்போது எழுது.

சென்னையில் பிறந்த சங்கர் பாலசுப்பிரமணியனின் கதை உனக்குத் தெரியும். கேம்பிரிட்ஜில் டேவிட் கிளெனர்மனோடு சேர்ந்து மரபணு வாசிக்கும் இயந்திரம் செய்ய 1998இல் சொலெக்சா கம்பனியைத் தொடங்கினார். அபிங்வொர்த் என்ற முதலீட்டு நிறுவனம் முதல் முதலீடு போட்டது. 2007இல் இலுமினா கம்பனி அதை ஏறத்தாழ 60 கோடி டொலருக்கு வாங்கியது. எங்கள் ஆட்கள் கோயில் வாசலில் அந்த 60 கோடியைத்தான் கதைப்பார்கள். எனக்கு நடுவில் இருக்கிற வருஷங்கள்தான் பெரிது. 5,386 எழுத்து மட்டுமே உள்ள ஒரு வைரஸின் மரபணுத் தொகுதியை முழுதாக வாசித்துக் காட்டியது 2005இல். முதல் இயந்திரம் சந்தைக்கு வந்தது 2006இல். அதுவரை எட்டு வருஷம் விற்க இயந்திரமே இல்லை, சம்பளம் மட்டும் மாதாமாதம். அந்த வருஷங்களில் கணக்குப் பார்த்தவர்களைப் பற்றி யாரும் கதைப்பதில்லை.

பயோடெக்னாலஜி யெஸ் என்ற பெயரில் தொடங்கிய யெஸ் போட்டியில் உன் பழைய பல்கலைக்கழக லாப் பிள்ளைகள் சேரப் போகிறார்கள் என்றாய். நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகமும் உயிரியல் ஆராய்ச்சிக் கவுன்சிலான பிபிஎஸ்ஆர்சியும் 1995இல் தொடங்கியது. இல்லாத கம்பனி ஒன்றைக் கற்பனை செய்து முதலீட்டாளர் முன்னால் திட்டம் வைக்க வேண்டும். போகட்டும். எல்லாரும் தலைவர் கதிரைக்கு அடிபடுவார்கள். நிதிப் பொறுப்பைக் கேட்டு வாங்கச் சொல்.

முதல் கிளெய்மை அனுப்ப முதல் என்னிடம் கொண்டு வா. வரும்போது அம்மாவிடம் அந்தக் கொப்பியையும் கேட்டுப் பார். தர மாட்டா.

அன்புடன்,
மாமா