ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் வரலாறு: பிள்ளைகளுக்கு ஒரு செய்முறைப் பாடம்

ஆஸ்திரேலியாவைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால், 'கேப்டன் குக்' என்று பிள்ளைகள் உடனே சொல்லிவிடுவார்கள். 1770-ல் ஜேம்ஸ் குக் அங்கே இறங்கியபோது கரையில் நின்று எதிர்த்த மனிதர்கள் இருந்தார்கள். பல்லாயிரம் ஆண்டுகளாக, 250-க்கும் மேற்பட்ட மொழிகள் பேசி வாழ்ந்துவந்த மக்கள் அவர்கள். ஆனாலும் யாருக்கும் சொந்தமில்லாத நிலம் போலக் கருதியே ஆங்கிலேயர் குடியேறினார்கள். இதை வாயால் சொல்வதைவிடச் செய்ய வைத்தால் பிள்ளைகள் மனத்தில் நிற்கும் என்பதால், விடுமுறை வகுப்புக்காக நாங்கள் தயாரித்த பாடத்தை இங்கே தருகிறோம். வீட்டிலும் நடத்தலாம்.

தேவையானவை: பெரிய பெட்ஷீட், துண்டுத்தாள்கள், பேனா. எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர்.

1. பெட்ஷீட்டை விரியுங்கள். ஒவ்வொருவரும் தம் பெயரையும் தாயை அழைக்கும் சொல்லையும் தமக்குப் பிடித்த ஓர் இடத்தையும் தாளில் எழுதி, அதைக் கையில் வைத்துக்கொண்டு பெட்ஷீட்டின் மேல் தாராளமாக நிற்கட்டும்.

2. 1788 ஜனவரியில் கைதிகளோடு 11 கப்பல்கள் வந்ததையும், சிட்னியில் குடியேற்றம் தொடங்கியதையும் சொல்லுங்கள். யாரையும் கேட்காமல் ஒரு பக்கத்தை மடியுங்கள்.

3. 1789-ல் சிட்னி வட்டாரத்தில் பெரியம்மை பரவிப் பூர்வகுடிகள் ஏராளமாக இறந்தார்கள். பின்னர் ஆட்டுப் பண்ணைகளுக்காக நிலம் பறிபோனது. 1838-ல் மயால் க்ரீக்கில் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் என ஏறத்தாழ 28 பேர் கொல்லப்பட்டார்கள். மறுபடியும் மடியுங்கள். பிள்ளைகள் நெருக்கியடித்து நிற்பார்கள்.

4. 1970 வாக்கில் வரைகூட, பூர்வகுடிப் பிள்ளைகள் பலரை அரசாங்கமே பெற்றோரிடமிருந்து பிரித்தது. பலருக்குப் பெயரை மாற்றினார்கள், தாய்மொழி பேசத் தடைவிதித்தார்கள். மூன்று பேரின் தாளை வாங்கிக்கொண்டு, வேறு பெயர் எழுதிய தாளைக் கொடுங்கள்.

5. டோரஸ் நீரிணைத் தீவினரான எடி மாபோவும் அவருடைய ஊராரும் தொடுத்த வழக்கில், சொந்தமில்லாத நிலம் என்ற கருத்தை 1992-ல் உயர் நீதிமன்றம் ஒதுக்கித் தள்ளியது. தீர்ப்பு வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே மாபோ காலமாகிவிட்டார். பிரிக்கப்பட்ட தலைமுறையினரிடம் பிரதமர் கெவின் ரட் 2008-ல் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். ஒரு மடிப்பை மட்டும் பிரியுங்கள்.

பிறகு வட்டமாக உட்கார்ந்து கேளுங்கள்: மடிக்கும்போது உங்களுக்கு என்ன தோன்றியது? தாளைத் திருப்பிக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? ஏன் ஒரு மடிப்பு மட்டும் பிரிந்தது? பதிலை நாம் எடுத்துக்கொடுக்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லுங்கள். ஆங்கிலேயர் குடியேறுமுன்பே, மக்காசரிலிருந்து முஸ்லிம் மாலுமிகள் கடல் அட்டை எடுக்க வடக்குக் கரைக்கு வந்து, அங்குள்ளவர்களோடு வணிகம் செய்து, பருவம் முடிந்ததும் திரும்பிப் போனார்கள். அங்குள்ள யொல்ங்கு மக்கள் இன்றும் பணத்தை 'ரூபியா' என்கிறார்கள். அயலார் வந்தால் நிலத்தைப் பறித்தே ஆக வேண்டும் என்பதில்லை.

ஒரு எச்சரிக்கை: முகத்தில் சாயம் பூசி பூர்வகுடிபோல் வேஷம் போடுவதோ, கொலையை நடித்துக்காட்டுவதோ வேண்டாம். அது ஒரு சமூகத்தின் துயரத்தை விளையாட்டாக்கிவிடும். அம்மக்கள் இன்றும் ஆசிரியர்களாக, மருத்துவர்களாக, ஓவியர்களாக அங்கே வாழ்கிறார்கள், தம் மொழிகளை மீட்டுவருகிறார்கள். பாடத்தை இந்தச் செய்தியோடு முடியுங்கள்.