அடீனியம் நாற்றுகளை நனைய விடாதீர்கள்

வடகிழக்குப் பருவமழை நெருங்கிவிட்டது. கோடையில் மகரந்தம் தொட்டு வைத்து, காய் முற்றியதும் விதைத்தவர்களின் மாடியில் இப்போது நான்கு மாத நாற்றுகள் நிற்கும். அவை அத்தனையும் இந்த வாரமே கூரைக்கடியில் போக வேண்டும்.

கூரை என்றால் வெளிச்சம் புகும் பாலித்தீன் கூரை. பச்சை நிழல்வலை மழையைத் தடுக்காது! ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறோம். ஒவ்வோர் ஆண்டும் வலைக்கடியில் வைத்துவிட்டு, அழுகிய நாற்றோடு எங்களிடம் வருகிறீர்கள்.

சென்ற கார்த்திகையில் வந்தவற்றில் பலவற்றுக்கு உச்சி இலை பச்சையாகத்தான் இருந்தது. அடிக்கிழங்கை அமுக்கினால் கொழகொழவென்று நீர் வடிந்தது. இந்த அழுகல் கீழிருந்துதான் ஏறும். மேலே பார்த்து ஏமாறாதீர்கள். தினமும் விரலால் அமுக்கிப் பாருங்கள், கிழங்கு கெட்டியாக இருக்க வேண்டும்.

மற்ற வேலைகள்: தொட்டிக்கடியில் உள்ள தட்டை எடுத்துவிடுங்கள். வடிகால் துளையைக் குச்சியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். உரத்தை நிறுத்துங்கள். பெயர்ப்பட்டையில் தாய்ச்செடி முதலில், தந்தைச்செடி அடுத்து. பென்சிலால் எழுதினால் அழியாது. செடியில் இன்னும் கொம்பு போல ஜோடிக்காய் இருந்தால் நூலால் சுற்றிக் கட்டுங்கள், வெடித்தால் விதை காற்றோடு போய்விடும். அந்த விதையை உலர்த்தி, காற்றுப்புகாத டப்பாவில் வைத்துத் தையில் விதையுங்கள். அடைமழையில் விதைப்பு வேண்டாம்.

தண்ணீர்! மழைக்காலத்தில் இலை பழுத்தால் அது தாகமல்ல. மேல்மண் ஓர் அங்குல ஆழம் காய்ந்த பிறகே ஊற்றுங்கள். மண் ஈரமாக இருக்கும்போது, வழக்கம் என்பதற்காக ஒரு குவளை ஊற்றுவதுதான் நாற்றைக் கொல்கிறது. ஆப்பிரிக்கா, அரேபியாவின் வறண்ட பாறை நிலத்துச் செடி இது; வேரில் தேங்கும் நீரைத் தாங்காது.

இவ்வளவு கண்டிப்பு ஏன்? ஒட்டுச்செடி போனால் அதே ரகத்தைக் கடையில் வாங்கிவிடலாம். கலப்பு விதையில் ஒவ்வொரு நாற்றும் தனி ரகம். பூக்கும் முன்பே அழுகினால், அது என்ன நிறத்தில் பூத்திருக்கும் என்பதுகூடத் தெரியாது. மறுபடி அதே ஜோடியைக் கலந்தாலும் அதே செடி வராது.

மெத்தென்று ஆன சிறு நாற்றை மண்ணோடு அப்புறப்படுத்துங்கள். அந்த மண்ணை மறுபடி பயன்படுத்தாதீர்கள். பக்கத்துத் தொட்டிகளுக்கு லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து, மேல்மண் காய்ந்திருக்கும் நாளில் வேர்ப்பகுதியில் ஊற்றுங்கள். பெரிய செடியானால் அழுகலை வெள்ளைச் சதை தெரியும் வரை வெட்டி, ஒரு வாரம் நிழலில் உலர்த்தி நடுங்கள். அதன் பால் நஞ்சு. வெட்டியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.