மீண்டு வந்த குகை

அமெரிக்க நாட்டின் கென்டக்கி மாநிலத்தில், கிரீன் என்னும் ஆற்றை அடுத்துச் சுண்ணாம்புக் குன்றுகள் பல உள்ளன. மேற்புறத்தைக் காண்பவர்க்கு அங்கே வியத்தற்குரியது ஒன்றும் புலப்படாது. மரங்கள் செறிந்த எளிய குன்றுகளே தோன்றும். ஆயின், அவற்றின் வயிற்றினுள்ளே, நீர் நெடுங்காலமாகப் பாறையைக் கரைத்துக் கரைத்து அமைத்த மாமத் குகை மறைந்து கிடக்கிறது. இதுவரை அளந்தறியப்பட்ட அதன் வழிகளையெல்லாம் ஒன்றோடொன்று சேர்த்தால் 600 கிலோமீட்டருக்கும் மேற்படும். உலகில் அறியப்பட்ட குகைகளுள் அதுவே மிக நீண்டது.

அக்குகையை முதன்முதல் துணிந்து ஆராய்ந்தோருள் தலைசிறந்தவர் ஸ்டீபன் பிஷப் என்பவர். அவர் கறுப்பினத்து அடிமை. 1838-ஆம் ஆண்டில் தம் உடையவரின் ஆணைப்படி வழிகாட்டியாக அங்கே வந்தவர், பிறர் அஞ்சி நின்ற பாதாளங்களைக் கடந்து புதிய வழிகளைக் கண்டார். 1842-இல், தம் நினைவையே துணையாகக் கொண்டு, அக்குகையின் படம் ஒன்றை வரைந்தார். இருளில் நடந்த கால்கள் அறிந்ததைப் பகலில் கை எழுதிக் காட்டிற்று.

அதே குகை, 130 ஆண்டுகளுக்குப் பின், வேறொருவர் நினைவிலிருந்து வேறொரு வடிவம் கொண்டது. இம்முறை அது கணிப்பொறியில் ஆடும் விளையாட்டாக வந்தது. அவ்விளையாட்டு உலகெங்கும் பரவிப் புகழடைந்தது. புகழடைந்தபின் அதன் முதல் வடிவம் காணாமற்போயிற்று. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து அது மீண்டும் கிடைத்தது.

விளையாட்டை இயற்றியவர் வில்லியம் கிரவுதர். மாசசூசெட்சு மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் போல்ட், பெரானெக், நியூமன் என்னும் நிறுவனத்தில் அவர் பணியாற்றினார். தொலைவில் உள்ள கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைத்து 1969-இல் தொடங்கிய ஆர்ப்பாநெட் என்னும் வலை, இன்றைய இணையத்துக்கு முன்னோடி. அவ்வலையின் கணுக்களில் நின்று செய்திகளை வாங்கி அனுப்பிய சிறு பொறிகளுக்கு நிரல் எழுதியவர்களுள் கிரவுதரும் ஒருவர். பாறை ஏறுதலிலும் குகை புகுதலிலும் அவருக்குப் பெருவிருப்பம் உண்டு. அவ்விருப்பம் அவருடைய மனைவியார் பாட்ரிசியாவுக்கும் இருந்தது.

குகை புகுவோர் வெறுங்கையோடு செல்வதில்லை. திசைகாட்டியும் அளவு நாடாவும் கொண்டு, ஒவ்வொரு வளைவையும் சரிவையும் அளந்து, சேறு படிந்த குறிப்பேட்டில் எண்களாக எழுதி வருவர். கிரவுதர் இணையர் அவ்வெண்களைத் தட்டச்சு செய்து கணிப்பொறிக்கு ஊட்டினர். கணிப்பொறி அவற்றைக் கோடுகளாக்கிப் படம் வரைந்தது. அந்நாளில் கணிப்பொறியை இவ்வகைக்குப் பயன்படுத்தியோர் மிகச் சிலரே.

பிளின்ட் ரிட்ஜ் என்னும் குன்றின் அடியிலுள்ள குகைகளும் மாமத் குகையும் எங்கேனும் கூடுகின்றனவா என்பது ஆய்வாளரை நெடுநாள் அலைக்கழித்த வினா. 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், பிறர் நுழைய மாட்டாது திரும்பிய ஓர் இடுக்கில், மெலிந்த உடலினராகிய பாட்ரிசியா கிரவுதர் தம்மைச் செருகி அப்பாற் சென்றார். அவ்வழியே செப்டம்பர் 9-ஆம் நாள் ஒரு குழுவினர் மீண்டும் புகுந்து, ஆழ்ந்த நீரில் நடந்து சென்றனர். முன் சென்றவரின் விளக்கொளியில், சுற்றுலாப் பயணிகளுக்காக நடப்பட்ட கைப்பிடிக் கம்பி ஒன்று தென்பட்டது. அவர்கள் நின்றது மாமத் குகை! இரண்டும் ஒன்றே என்பது உறுதியாயிற்று.

இவ்வெற்றிக்குப் பின் சில ஆண்டுகளில் கிரவுதரின் மணவாழ்வு முறிந்தது. குகைப் பயணங்களும் அவரை விட்டு அகன்றன. இரு பெண்மக்களைப் பிரிந்து வாழ நேர்ந்தது அவருக்குப் பெருங்குறையாக இருந்தது. தம்மைக் காண வரும்போது மக்கள் ஆடி மகிழ ஒன்றைச் செய்ய விரும்பினார். கணிப்பொறி அறியாதவரும் அஞ்சாமல் ஆடத்தக்கதாக அது அமைய வேண்டும் என்பதும் அவர் எண்ணம். கற்பனைப் பாத்திரங்களாகத் தம்மைப் பாவித்து நண்பர்கள் கூடி ஆடும் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் விளையாட்டிலும் அவர் அந்நாளில் ஈடுபட்டிருந்தார். இவையெல்லாம் கூடிப் பிறந்ததே 'அட்வென்ச்சர்' என்னும் குகை விளையாட்டு. 1975-க்கும் 1976-க்கும் இடையே, பி.டி.பி-10 என்னும் பெரிய கணிப்பொறியில், ஃபோர்ட்ரான் மொழியில் அதை எழுதினார். நிரல் சுமார் 700 வரிகள். இடங்களின் வருணனை முதலியன மேலும் 700 வரிகள். பொறி அறிந்த சொற்கள் 193. அவ்வளவே.

அவ்விளையாட்டில் ஓவியம் இல்லை, ஒலி இல்லை, எழுத்து மட்டுமே உண்டு. பலர் அதை ஆடிய கருவிக்குத் திரைகூட இல்லை. தொலை அச்சுப்பொறியில் தாள் உருண்டு வரும், அதில் சொற்கள் அச்சாகும். ஆடுபவனுக்குத் தானே கண்ணும் கையுமாக இருப்பதாகப் பொறி முதலிலேயே உறுதி கூறும். பின்னர் அவன் நிற்கும் இடத்தைச் சில வரிகளில் வருணித்துவிட்டு, அவன் ஆணைக்காகக் காத்திருக்கும். 'விளக்கை எடு' என்பது போல இரு சொற்களுக்கு மிகாமல் ஆணை இருத்தல் வேண்டும். ஒவ்வொரு சொல்லிலும் முதல் ஐந்து எழுத்துகளையே பொறி நோக்கும். அக்கணிப்பொறியின் நினைவறை ஒன்றில் 36 நுண்குறிகளே அடங்கும். எழுத்து ஒன்றுக்கு ஏழு குறி வேண்டுமாதலின், ஐந்து எழுத்துகளோடு அறை நிரம்பிவிடும். வறுமையிற் பிறந்த சிக்கனம் அது.

விளக்கின்றி இருளில் நடப்பவன் குழியில் வீழ்ந்து மடிவான். வழியை மறித்துப் பெரும்பாம்பு ஒன்று கிடக்கும். அதை வாளால் வெல்லல் இயலாது, கூண்டில் பிடித்து வந்த சிறு பறவையே அதைத் துரத்தும். அப்பறவையோ, ஆடுபவன் கையில் கருங்கோல் இருக்குமானால் அஞ்சி அகலும். கோலை வைத்துவிட்டுப் பறவையைப் பிடிக்க வேண்டும் என்று உணர எத்தனை பேர் எத்தனை இரவு விழித்தனரோ! எக்ஸ், ஒய், இசட், இசட், ஒய் என்னும் ஐந்தெழுத்தைத் தட்டினால், குகையின் ஓரிடத்திலிருந்து வெளியே உள்ள செங்கல் வீட்டுக்கு நொடியில் போய்விடலாம். பொருளற்ற அச்சொல் கணிப்பொறி வல்லுநரிடையே ஒரு மந்திரம் போலவே வழங்கலாயிற்று.

எல்லாவற்றினும் கொடியது, எல்லா அறைகளும் ஒரே சொற்களால் வருணிக்கப்படும் புதிர்வழி. எவ்வறையிலிருந்து எவ்வறைக்கு வந்தோம் என்று அறிதற்கு வழியே இராது. கூர்த்த மதியினர் கையிலுள்ள பொருள்களை அறைக்கு ஒன்றாகப் போட்டுச் சென்றனர். சாவி கிடந்தால் முதல் அறை. உணவு கிடந்தால் இரண்டாவது. இவ்வாறு அடையாளம் வைத்துத் தாளில் வட்டங்களும் கோடுகளுமாகப் படம் வரைந்தனர். மெய்யான குகையில் ஆய்வாளர் செய்வதையே, நாற்காலியில் அமர்ந்தவாறு இவர்களும் செய்தனர் என்பது கருதத்தக்கது. அந்நாளில் ஆடியவர்கள் முதுமையில் தம் நினைவுகளைப் பகிரும்போது, புதையலைக் காட்டிலும் இப்படங்களையே மிகுதியாகப் பேசுகின்றனர்.

கிரவுதர் நிரலைத் தம் அலுவலகக் கணிப்பொறியில் விட்டுவிட்டு விடுமுறைக்குச் சென்றார். திரும்பி வருவதற்குள் அது வலைவழியே ஊர் ஊராகப் பரவியிருந்தது. 1976-இல் கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் அதைக் கண்டார் டான் உட்ஸ் என்னும் மாணவர். இதனை விரிவாக்க வேண்டும் என்னும் அவா அவருக்கு எழுந்தது. இயற்றியவர் பெயர் கிரவுதர் என்பது தெரியும். அவர் எங்கிருக்கிறார் என்பது தெரியாது. ஆகவே, வலையில் அன்று இணைந்திருந்த ஒவ்வொரு கணிப்பொறிக்கும், 'கிரவுதர்' என்னும் பெயருக்கே மின்னஞ்சல் விடுத்தார். தெருவிலுள்ள எல்லா வீட்டுக் கதவையும் தட்டி ஒருவரைத் தேடுவது போன்றது அது. இன்று அவ்வாறு தேட முனைந்தால் ஓராயுள் போதாது. அன்று விடை கிடைத்தது. கிரவுதர் நிரலை மனமுவந்து கொடுத்தார். உட்ஸ் பாலத்துக்குச் சுங்கம் கேட்கும் பூதத்தையும், கரடியையும், எரிமலையையும் சேர்த்து, 350 மதிப்பெண் கொண்ட விளையாட்டாக அதை 1977-இல் வெளியிட்டார்.

உலகம் அறிந்தது இந்த 1977-ஆம் ஆண்டு வடிவத்தையே. அது வந்தபின் கணிப்பொறித் தொழில் முழுவதும் இரண்டு வாரம் பின்தங்கிவிட்டது என்று நகையாடினர். மாசசூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த நால்வர் அதை ஆடி முடித்த சூட்டோடு 'சோர்க்' என்னும் விளையாட்டை இயற்றினர். ராபர்ட்டா வில்லியம்ஸ் என்னும் அம்மையார் அதில் மயங்கி, 1980-இல் தம் கணவர் கென் துணையுடன், படங்களோடு கூடிய 'மிஸ்டரி ஹவுஸ்' என்னும் விளையாட்டைப் படைத்தார். இவ்வாறு ஒரு மரபே தோன்றிற்று.

மூலத்தை மட்டும் எவரும் தேடவில்லை. விரிவான வடிவம் கையில் இருக்க, சிறிய பழைய வடிவம் எதற்கு? புது வீடு கட்டுபவன் பழைய வீட்டின் செங்கல்லைக் கடைக்காலில் இட்டு மூடுவது போல, முதல் நிரல் இரண்டாவதனுள் மறைந்தது. பி.டி.பி-10 வரிசையை மேலும் வளர்க்கும் முயற்சியை அதன் நிறுவனம் 1983-இல் கைவிட்டது. ஓலைச்சுவடியைச் செல் அரிக்கப் பல்லாண்டு ஆகும். அரித்த பின்னும் எஞ்சிய எழுத்தைக் கண்ணால் படிக்கலாம். காந்த நாடாவில் பதிந்ததோ, நாடா நலமாக இருக்கும்போதே, படிக்கும் பொறி மறைந்தால் ஊமையாகிவிடும்.

மூலம் இல்லாத இடத்தில் ஊகம் குடிபுகுந்தது. கிரவுதர் செய்தது குகையின் உலர்ந்த வருணனை மட்டுமே. மாயமும் கதையும் உட்ஸ் தந்தவை என்று பலர் எழுதினர். தந்தையொருவர் தம் மக்களுக்காகச் செய்ததில் எது அவர் செய்தது என்பதே ஐயமாயிற்று.

குகையைப் பற்றியும் ஒரு செவிவழிச் செய்தி நிலவிற்று. விளையாட்டிலுள்ள இடம் கற்பனை அன்று. மாமத் தொகுதியைச் சேர்ந்த பெட்கில்ட் என்னும் பகுதியே அது என்பர். அங்கே அளக்கச் சென்ற குழுவொன்றில், அக்குகைக்குள் ஒருநாளும் அடிவைத்திராத பெண் ஒருவர் இருந்தார். விளையாட்டை அவர் பலமுறை ஆடியவர். உள்ளே புகுந்ததும், அடுத்து எது வரும் என்று அவரே சொல்லிக்கொண்டு போனார். வேலை முடிந்ததும் குழுத்தலைவர் அவரையே முன்னே நடக்க விட்டார். தேர்ந்தவரும் திகைக்கும் அவ்வழிகளில் ஓரிடத்தும் பிழையாது அவர் எல்லோரையும் வெளியே கொணர்ந்தாராம்.

இவ்வையங்களைத் தீர்க்க முற்பட்டவர், பென்சில்வேனியா மாநிலத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் பேராசிரியர் டென்னிஸ் ஜெர்சு. 2005-இல் அவர் குகையாய்வாளருடன் பெட்கில்ட்டினுள் இறங்கி, விளையாட்டின் வருணனையையும் கண்முன் நின்ற பாறையையும் ஒப்பிட்டார். வாயிலை மூடிய இரும்புக் கம்பிக் கதவு அங்கே இருந்தது. உருண்டைக் கற்கள் மேல் தவழ்ந்து செல்லும் தாழ்ந்த வழியும் இருந்தது. அதே ஆண்டில் மற்றொரு நற்செய்தியும் வந்தது. ஸ்டான்போர்டில் உட்ஸ் மாணவராக இருந்தபோது வைத்திருந்த கோப்புகளின் பழைய சேமிப்பில், கிரவுதர் கொடுத்த மூல நிரல், பிறர் கை படாமல், அப்படியே கிடந்தது. புதியதை விரிவாக்கியவரே பழையதையும் அறியாமற் காத்து வைத்திருந்தார்!

அதைப் படித்தபோது ஊகங்கள் உதிர்ந்தன. ஐந்தெழுத்து மந்திரம் அதில் இருந்தது. கோடரி வீசும் குள்ளர்கள் இருந்தனர். பாம்பும் பறவையும் கருங்கோலும் இருந்தன. மாயம் முதல் நாளிலிருந்தே அக்குகையில் குடியிருந்தது. கல்லும் வழியும் மெய். அவற்றினூடே திரிந்தவை கற்பனை. தாம் கண்ட குகையை உள்ளவாறே வைத்து, அதற்குள் தம் மக்கள் வியந்து மகிழத்தக்கவற்றை ஒளித்து வைத்திருந்தார் கிரவுதர். ஜெர்சு தம் ஆராய்ச்சியை 2007-இல் வெளியிட்டார்.

அதன்பின் பழைய அன்பர் பலர் அக்குகையின் பக்கம் திரும்பினர். உட்ஸ் பின்னாளில் விரிவாக்கிய வடிவம் ஒன்று, அவர் இசைவோடும் கிரவுதர் இசைவோடும், 2017-இல் எவரும் படிக்கத்தக்கதாக வெளியிடப்பட்டது. 2023-இல் ராபர்ட்டா வில்லியம்சும் கென் வில்லியம்சும், ஓய்விலிருந்து மீண்டு வந்து, தாம் இளமையில் தாளில் மட்டும் படித்த அக்குகையைக் கண்ணாற் காணும் உருவமாக்கி அளித்தனர். அதில் பாறை பளபளக்கிறது. விளக்கின் நிழல் அசைகிறது.

மூல நிரலையும் இன்றைய கணிப்பொறிக்கு ஏற்ப அமைத்து இயக்குகின்றனர். அதில் நிழலும் இல்லை, நிறமும் இல்லை. ஒரு சாலையின் முடிவு, எதிரே சிறியதொரு செங்கல் வீடு, சுற்றிலும் காடு, வீட்டிலிருந்து வெளிப்பட்டு ஓடும் சிற்றோடை. இவ்வளவு சொல்லிவிட்டு, ஆடுபவர் தட்டும் இரு சொற்களுக்காகப் பொறி காத்திருக்கிறது.