சைபரைச் சேர்ப்பதா, விடுவதா?

அன்பு மகளுக்கு,

நீ தலவாக்கலையிலிருந்து அனுப்பிய கொழுந்துக் கணக்குக் கோப்பு கிடைத்தது. திகதி, பதிவு எண், கிலோ என்று வரிக்கு மூன்று பத்தியாக அடித்திருக்கிறாய். மூன்றாவது, ஈரத்துக்கும் சாக்குக்கும் கழித்த கிலோவா, கழிக்காததா என்று ஓரத்தில் குறித்து வை; தோட்டத்தில் பாதிச் சண்டை அதில்தான். மற்றபடி எக்செல் தேவையில்லை. ஆகக்கூடியதையும் ஆகக்குறைந்ததையும் ஷெல்லே சொல்லிவிடும்.

மூன்றாம் பத்திப்படி அடுக்க 'சார்ட் -கே3' என்று கொடுத்துப் பார். 0, 18, 22, 9 என்று வரும். ஒன்பது கிலோ எடுத்தவர் எல்லாரையும் முந்திவிடுவார்! எண் என்று சொல்லாவிட்டால் சார்ட் அதை எழுத்தாகத்தான் பார்க்கும். 'சார்ட் -என் -கே3' என்றால் சரியாக அடுக்கும். பிறகு பைப் போட்டு 'ஹெட் -1' கொடுத்தால் ஆகக்குறைந்தது, 'டெய்ல் -1' கொடுத்தால் ஆகக்கூடியது.

ஆனால் 'ஹெட்' உனக்குக் காட்டுவது சைபர். அது அன்றைக்கு வேலைப் பெரட்டுக்கே வராதவரின் வரி. அவரைக் கொழுந்து குறைவாக எடுத்தவர் என்று சொல்லலாமா?

இதற்கு 'ஆக்' என்ற நிரல்மொழி நல்லது. 1977இல் பெல் ஆய்வுகூடத்தில் ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் மூவரும் எழுதியது. அவர்களின் முதலெழுத்துகளே அதன் பெயர். கோப்பை அடுக்காமல், ஒரே ஓட்டத்தில் வரிவரியாக வாசித்துவிடும். இப்படி எழுது: $3, அதாவது மூன்றாம் பத்தி, சைபருக்கு மேல் இல்லாவிட்டால் அந்த வரியை விடு. மேலே என்றால், இதுதான் எடுத்துக்கொண்ட முதல் வரியா, அல்லது 'மின்' என்ற மாறி $3ஐவிடப் பெரிதா என்று பார். இரண்டில் ஒன்று சரியென்றாலும் 'மின்'னில் $3ஐப் போடு. 'மேக்ஸு'க்குக் குறி மட்டும் திரும்பும். 'எண்ட்' பகுதியில் இரண்டையும் அச்சிடு.

முதல் வரியை ஏன் தனியாகக் கேட்கிறோம்? ஆக்கில் ஒன்றும் போடாத மாறி சைபராகத்தான் நிற்கும். சைபரைவிடக் குறைந்த நிறுவை ஏது? 'மின்' கடைசிவரை அசையாது. கோப்பின் முதல் வரியையே தொடக்கமாக வைப்பவர்களும் உண்டு. அந்த வரிக்காரர் அன்றைக்கு வராதவர் என்றால் அதுவும் பலிக்காது.

ஓரிடத்தில் '9கி' என்று அடித்திருக்கிறாய். அதை ஆக் எழுத்தாக எடுத்து ஒப்பிடும். எல்லா இடத்திலும் $3உடன் சைபரைக் கூட்டிவிட்டால் எண்ணாகிவிடும்.

மழைக் கணக்குக்கு இதே நிரலை அப்படியே ஓட்டிவிடாதே. செயின்ட் கூம்ஸ் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் மழையையும் அளக்கிறார்கள். அப்படியொரு பதிவில் சைபர் என்றால் மழை பெய்யாத நாள். அதுதான் உண்மையான ஆகக்குறைந்தது, விடக்கூடாது. அளக்காத நாளுக்குத்தான் கோடு போட வேண்டும். 'சார்ட் -என்' அந்தக் கோட்டையும் சைபராகவே எடுக்கும். ஆகவே கோட்டு வரிகளை முதலில் கழித்துவிடு.

உன் கொழுந்துக் கோப்பில் 140ஆம் பதிவு எண்ணுக்குச் சைபர் இருக்கிறது. அவர் வராதவரா, அல்லது வந்தும் நிறுவை பதியாமல் விடுபட்டதா என்று கணக்குப்பிள்ளையிடம் கேட்டு எழுது. விடுபட்டதென்றால் சைபரை அழித்துக் கோடு போடு.

இப்படிக்கு,
பெரியப்பா