தோழமைக்குச் சிறப்பு: எல்லைக் கிராமப் பள்ளிகளும் மாற்றுத்திறன் மாணவர்களும்

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை, நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்து களியக்காவிளையில் தமிழ்நாட்டினுள் நுழைகிறது. சாலையின் இரு மருங்கிலும் செங்கல், காரோடு, குளத்தூர், கொல்லயில் முதலிய ஊராட்சிகள் பரவியுள்ளன. மேற்கே பொழியூர்க் கடற்கரையில் மீனவர் குடியிருப்புகள் உள்ளன. கிழக்கே வெள்ளறடைப் பக்கம் நிலம் உயர்ந்து, ரப்பர்த் தோட்டங்களாகவும் மேட்டு வீடுகளாகவும் மாறுகிறது. 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியாகச் சீரமைக்கப்பட்டபோது, விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை ஆகிய வட்டங்கள் தமிழ்நாட்டுடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. கோடு விழுந்த பின்னரும் இரு மொழிகளும் இங்கே ஒரே தெருவில் ஒலிக்கின்றன.

இத்தகைய நில அமைப்பில், நடக்க இயலாத சிறுவன் ஒருவன் பள்ளி செல்வது எளிதன்று. சாலையிலிருந்து வீட்டுக்கு ஏறும் வழி பல இடங்களில் ஒற்றையடிப் பாதை. அதன் முடிவில் படிக்கட்டுகள். அரசு வழங்கும் சக்கர நாற்காலி சாலையோரம் வரை வரும். அதற்கு மேல் மனிதர்தாம் தூக்க வேண்டும். பெற்றோர் கூலி வேலைக்குச் சென்ற பின் அந்த மனிதர் யார் என்னும் கேள்விக்குப் பெரும்பாலும் கிடைக்கும் விடை, அதே வகுப்பில் பயிலும் மற்றொரு சிறுவன் என்பதே. அவனுடைய பணி எந்தப் பதிவேட்டிலும் இடம் பெறுவதில்லை.

சட்டம் தந்த இடம்

மாற்றுத்திறன் குழந்தைகளைப் பொதுப் பள்ளிகளிலேயே சேர்த்துப் பயிற்றுவிக்கும் முயற்சி இந்தியாவில் 1974இல் மைய அரசின் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்துடன் தொடங்கியது. 1995ஆம் ஆண்டுச் சட்டமும், 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும் அதற்கு வலுவூட்டின. பன்முகக் குறைபாடும் கடுமையான குறைபாடும் உடைய குழந்தைகள் வீட்டிலிருந்தே கல்வி பெறும் உரிமையை 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அளித்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டு, உள்ளடக்கிய கல்வியைக் கல்வி நிறுவனங்களின் கடமையாக்கியது. 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 2.68 கோடிப் பேரும், கேரளத்தில் ஏறத்தாழ 7.62 லட்சம் பேரும் மாற்றுத்திறனாளிகள் ஆவர்.

சட்டம் குழந்தைக்கு வகுப்பறையில் இடத்தைப் பெற்றுத் தந்தது. அந்த இடத்தின் பக்கத்தில் யார் அமர்வார், இடைவேளையில் யார் பேசுவார் என்பவற்றை ஆணையிட்டுப் பெற இயலாது.

சங்காதிக்கூட்டம்

சமக்ர சிக்ஷா திட்டத்தின் கேரளப் பிரிவு, பாறசாலை, நெய்யாற்றின்கரை உள்ளிட்ட ஊர்களில் வட்டார வள மையங்களை நடத்துகிறது. இம்மையங்களின் சிறப்புக் கல்வியாளர்கள், படுக்கையை விட்டு எழ இயலாத குழந்தைகளின் வீடுகளுக்கே சென்று பாடம் சொல்லித் தருகின்றனர். இதன் துணைமுயற்சியாக மாநிலமெங்கும் நடைபெறுவது 'சங்காதிக்கூட்டம்'. தமிழில் வழங்கும் 'சங்காத்தம்' என்னும் சொல்லுக்கு நெருங்கிய உறவான இப்பெயரின் பொருள் நண்பர் குழாம் என்பதாகும்.

வீட்டில் இருக்கும் குழந்தையும் ஏதேனும் ஒரு பள்ளியின் மாணவனே. அவன் பெயர் வருகைப் பதிவேட்டில் உண்டு. அந்த வகுப்பு மாணவர்கள் ஆசிரியருடன் அவன் வீட்டுக்குச் செல்கின்றனர். பாட்டும் கதையும் விளையாட்டும் நடைபெறுகின்றன. பிறந்த நாளும் ஓணமும் அங்கே கொண்டாடப்படுகின்றன. பெயராக மட்டுமே இருந்த ஒருவன் முகமுடையவன் ஆகிறான். அவனுக்குப் பிடித்த பாட்டு எது, எதைச் சொன்னால் சிரிப்பான் என்பதெல்லாம் வகுப்புக்குத் தெரிய வருகிறது. ஆண்டுக்கு ஒருமுறை மாலையும் ஒளிப்படமுமாக நடக்கும் வருகைக்கும், மாதந்தோறும் இரண்டு மூன்று பேராவது தாமாகச் சென்று வரும் பழக்கத்துக்கும் உள்ள வேறுபாடு பெரிது. விழா நாளில் வந்த நாற்பது பேரைக் காட்டிலும், மழை நாளில் வந்த ஒருவனே அக்குழந்தைக்கு முதன்மையானவன்.

தேர்வறையில் ஒரு துணை

பார்வையற்ற மாணவருக்கும் கையால் எழுத இயலாதவருக்கும் பொதுத் தேர்வில் 'சொல்வதை எழுதுபவர்' தேவைப்படுகிறார். அவர் தேர்வரை விட ஒரு படி குறைந்த கல்வித் தகுதி உடையவராக இருக்க வேண்டும் என 2018 ஆகஸ்டில் மைய அரசு வெளியிட்ட நெறிமுறை கூறியது. கேரளப் பத்தாம் வகுப்புத் தேர்வில் கீழ்வகுப்பு மாணவர் ஒருவர் இப்பணியை ஏற்பது வழக்கம். மார்ச் மாதத்தில், தம் ஆண்டுத் தேர்வின் சுமை தமக்கு இருக்கும்போதே, இன்னொருவரின் விடைகளை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் எழுதித் தருகிறார் அவர். விடை தவறென்று தெரிந்தாலும் தவறாகவே எழுத வேண்டும். பதினான்கு வயதில் இதற்கு மிகுந்த தன்னடக்கம் தேவை.

எல்லைப் பகுதியில் இதற்கு மற்றொரு சிக்கலும் உண்டு. கேரளத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தமிழ்வழியிலும் எழுதலாம். அவ்வாறு எழுதுபவருக்குத் தமிழைப் பிழையின்றி எழுதவல்ல கீழ்வகுப்பு மாணவரே துணையாக முடியும். தமிழ்வழிப் பிரிவில் மாணவர் தொகை சுருங்கச் சுருங்க, அத்தகையோரைத் தேடும் வட்டமும் சுருங்குகிறது. கோட்டுக்கு அப்பால் சில கிலோமீட்டரில் தமிழ்ப் பள்ளிகள் நிறைய இருந்தும், அவை வேறொரு மாநிலக் கல்வித் துறையின் கீழ் உள்ளன.

யாரைச் சிறப்பிப்பது?

இத்தகைய மாணவர்களைச் சிறப்பிக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. டிசம்பர் 3ஆம் நாள், மாற்றுத்திறனாளிகள் நாளன்று, பள்ளி மேடையில் சான்றிதழ் வழங்குவது எளிய வழி. ஆனால் தூக்கி வந்தவனுக்குக் கைதட்டல் எழும் அதே மேடையின் கீழே, தூக்கப்பட்டவன் அமர்ந்திருக்கிறான். தன் உடலின் குறை மற்றொருவனின் நற்பண்புக்குச் சான்றாகக் காட்டப்படுவதை அவன் எவ்வாறு ஏற்பான் என்று கேட்போர் குறைவு. பரிசு இருப்பதாலேயே உடனிருக்கும் 'நண்பர்', பரிசு முடிந்ததும் விலகிவிடவும் கூடும். மூளை முடக்குவாதத்துடன் பிறந்த கனடா நாட்டுக் கல்வியாளர் நார்மன் குன்சும், எம்மா வான் டெர் கிளிஃப்டும் இந்த இடரை 1994இலேயே எடுத்துக் காட்டினர். உதவி ஒரு திசையில் மட்டுமே பாயுமானால் அது நட்பாகாது என்பது அவர்களுடைய வாதத்தின் சாரம்.

இதற்கு நல்ல விடையொன்று விளையாட்டுத் திடலிலிருந்து கிடைக்கிறது. 2024ஆம் ஆண்டு பாரிசு பாராலிம்பிக்கில் சிம்ரன் சர்மா 200 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலப் பதக்கம் வென்றார். பார்வைக் குறைபாடுடைய அவருடன், கையில் ஒரு சிறு கயிற்றால் இணைந்து ஓடியவர் வழிகாட்டி ஓட்டக்காரர் அபய் சிங். பதக்கம் இருவருக்கும் உரியது. ஆயினும் விதி ஒன்று கண்டிப்பானது: வழிகாட்டி, வீரரை இழுத்துச் செல்லக் கூடாது, எல்லைக் கோட்டை வீரருக்கு முன்னதாகக் கடக்கவும் கூடாது. கடந்தால் ஓட்டமே செல்லாது. 2024 நவம்பரில் எர்ணாகுளத்தில் நடைபெற்ற கேரள மாநிலப் பள்ளி விளையாட்டு விழாவிலும் மாற்றுத்திறன் மாணவர்களுக்கான உள்ளடக்கிய போட்டிகள் பொது விழாவின் பகுதியாகவே நடத்தப்பட்டன.

பள்ளிகள் இம்முறையைத் தழுவுவதில் பெரும் செலவு ஏதுமில்லை. சிறப்பை இருவருக்கும் சேர்த்தோ முழு வகுப்புக்கோ வழங்கலாம். யாரைச் சிறப்பிப்பது என்பதில் மாற்றுத்திறன் மாணவரின் சொல்லுக்கே முதலிடம் தரலாம். அவர் வேண்டாம் என்றால் மேடையையும் ஒளிப்படத்தையும் விட்டுவிடலாம். கணக்கில் வல்ல அவர் பிறருக்குக் கணக்குச் சொல்லித் தந்திருப்பின், அதுவும் அதே பட்டியலில் ஏற வேண்டும். சொல்வதை எழுதிய மாணவருக்கு, பாராட்டினும் பயனுடையது, அவர் இழந்த பாட நேரத்தை ஆசிரியர் ஈடு செய்து தருவதே.

மற்றொன்றும் கருதத்தக்கது. சிறுவர்களின் தோள்கள், அரசும் ஊராட்சியும் செய்ய வேண்டியவற்றுக்கு ஈடாகிவிடக் கூடாது. தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் மாணவருக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் எனச் சிறப்புக் கல்வியாளர் விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபர் தீர்ப்பில் சுட்டியது. அதற்கான பணியிடங்களை உருவாக்குமாறு 2025 மார்ச்சில் மீண்டும் மாநிலங்களைப் பணித்தது. சாய்தளம் கட்டப்பட்டு, மேட்டு வீட்டுக்கு நாற்காலி செல்லும் வழி அமைந்த பின்னர், முன்பு தூக்கி வந்த மாணவன் வெறுங்கையுடன் பக்கத்தில் பேசிக்கொண்டு நடந்து வருவான்.