குதிரைக்கு முன் கிணற்றைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் குதிரை வளர்த்துப் பிள்ளையைத் தடைதாண்டும் போட்டிக்கு அனுப்ப வேண்டும் என்று வருகிறவர்கள் கைபேசியில் ஒரு குதிரையின் படத்தோடுதான் வருகிறார்கள். நிறம், உயரம், விலை எல்லாம் மனப்பாடமாக இருக்கும். நான் கேட்கும் முதற்கேள்வி அவர்கள் எதிர்பாராதது: ஆடி, ஆவணியில் உங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் என்ன ருசி?

ஐந்நூறு கிலோ எடையுள்ள குதிரை சும்மா நின்றாலே நாளுக்கு 25 முதல் 30 லீற்றர் குடிக்கும். நம் வெயிலில் வேலையும் செய்தால் அது இரட்டிக்கும். குடாநாட்டின் கீழே சுண்ணாம்புக்கல். மழைநீர் அதில் இறங்கி உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கோடையில் அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலே வரும். தீவகத்துக்கும் கரையோரத்துக்கும் இது புதிய செய்தி அல்ல. தண்ணீர் உவர்த்தால் குதிரை குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். குறைவாகக் குடித்து வைக்கலை மென்றால் குடலில் தீனி இறுகும். அதனால் வரும் வயிற்றுவலிதான் சூலை. குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது, ஆகவே வயிற்றுக்குள் போன பிழை வெளியே வர வழியில்லை. வலிகாமத்துத் தோட்டக்காணிகளில் உவர் குறைவு. அங்கே உரத்தினால் வரும் நைத்திரேற்றைத்தான் பார்க்க வேண்டும். குதிரைக்கு முற்பணம் கொடுக்குமுன் ஒரு போத்தல் தண்ணீரை ஆய்வுகூடத்துக்குக் கொடுங்கள். செலவு சொற்பம்.

அடுத்தது தீனி. இங்கேதான் நல்ல மனதுள்ளவர்கள் குதிரையைக் கெடுக்கிறார்கள், ஏனென்றால் நமக்கு மாடு வளர்க்கத் தெரியும். மாட்டுக்குச் சரியானது குதிரைக்கும் சரி என்று நம்பிவிடுகிறோம்.

மாட்டுப்பண்ணைகளில் வெட்டிப் போடும் சீஓ-3 புல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூரில் உருவான கலப்பின நேப்பியர் அது. விளைச்சலில் குறை சொல்ல முடியாது. நேப்பியரிலும் கினிப்புல்லிலும் ஒக்சலேற்று என்னும் பொருள் உண்டு. அது புல்லில் இருக்கும் கல்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். மாட்டின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் ஒக்சலேற்றை உடைத்துவிடுகின்றன. குதிரையோ கல்சியத்தைச் சிறுகுடலில் எடுக்கிறது. நுண்ணுயிர்கள் வேலை செய்வது அதற்குப் பின்னால், பெருங்குடலில். அங்கே போய் ஒக்சலேற்று உடைந்தாலும் பயனில்லை. இதற்கு மேல், உடம்பு வைக்கட்டும் என்று இரண்டு வேளையும் தவிடு போடுவார்கள். தவிட்டில் பொஸ்பரஸ் மிக அதிகம், கல்சியம் மிகக் குறைவு. குதிரையின் மொத்தத் தீனியில் பொஸ்பரஸைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கல்சியம் இருக்க வேண்டும். நேப்பியரும் தவிடும் சேர்ந்தால் கணக்குத் தலைகீழாகும். அப்போது உடல் தனக்கு வேண்டிய கல்சியத்தை எலும்பிலிருந்து எடுக்கத் தொடங்கும்.

இது சில மாதங்களில் தெரியவரும். இன்று முன்காலில் நொண்டல், அடுத்த கிழமை பின்காலில் நொண்டல். சவாரிக்காரர் லாடத்தைச் சந்தேகிப்பார். பிறகு மெல்வதில் சிரமம், கடைசியில் முகத்தெலும்பு இரண்டு பக்கமும் வீங்கும். அந்த நிலையில் உள்ள குதிரையைத் தடைக்கு மேல் பாயவிட்டால் கால் முறியும் ஆபத்தே உண்டு. முகம் வீங்கிய பின் முழுதாகப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது கடினம்.

அப்படியானால் எதைப் போடுவது? நம் காலடியில் கிடக்கும் அறுகு. உலகத்தின் வெப்பமான பகுதிகளில் குதிரைக்கென்றே அறுத்துக் காயவைத்து விற்கும் புல் அது. ஒக்சலேற்றுத் தொல்லை அதில் குறைவு. பயறு, உளுந்து, நிலக்கடலை அறுவடையான பின் மிஞ்சும் காய்ந்த கொடியில் கல்சியம் நன்றாக இருக்கும். பூஞ்சணம் பிடிக்காததாகப் பார்த்து வாங்கிச் சேமியுங்கள். நேப்பியரை முழுதாக விலக்க முடியாவிட்டால் அதைத் தீனியில் ஒரு சிறு பங்காக்கி, கல்சியம் சேர்க்கும் அளவை மிருக வைத்தியரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். காய்ந்த எடையில் கணக்கிட்டால் குதிரையின் எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்காவது புல்லும் கொடியுமாக இருக்க வேண்டும். தானியம் அதற்குப் பிறகுதான். அவித்த கொள்ளு நல்லது. காறல் இல்லாத தேங்காய்ப் பிண்ணாக்கும் நல்லது. வியர்வையில் உப்புப் போவதால் நாளுக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி கறியுப்பும் வேண்டும்.

கோழித்தீனியும் பைக்கற்றில் வரும் மாட்டுத்தீனியும் லாயத்துப் பக்கமே வரக்கூடாது. அவற்றில் சிலவற்றில் மொனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும். கோழிக்கு அது பாதுகாப்பு. குதிரையின் இதயத்துக்கு நஞ்சு, மிகச் சிறிய அளவே போதும். தீனிப்பைகளை ஒரே கொட்டிலில் அடுக்கி வைப்பவர்கள் இதை இரண்டு தரம் வாசியுங்கள்.

வேலியையும் பாருங்கள். முற்றத்தில் பூவுக்காக வைத்த அலரி சில இலையிலேயே குதிரையைக் கொல்லும். காய்ந்த இலையும் அப்படியே. ஆட்டுக்கு ஒடித்துப் போடும் இப்பில்இப்பில் குழையைக் குதிரை தொடர்ந்து தின்றால் பிடரிமயிரும் வாலும் உதிரும். கிளிசிரியாக் குழையும் வேண்டாம். முள்ளுக்கம்பி வேலி மாட்டை நிறுத்தும். குதிரையோ மிரண்டால் பார்க்காமல் ஓடுகிற பிராணி, கம்பிக்குள் கால் போனால் தசை கிழிந்து தொங்கும். கதியாலுக்கு உட்பக்கம் மரச்சட்டம் அடித்து இரண்டாம் வேலி போடுவது கட்டாயம்.

மாட்டுவண்டிச் சவாரிக்கு மாடு வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓடும் மிருகத்தின் தீனி, தேய்த்தல், ஓய்வு பற்றிக் குடாநாட்டில் அவர்களைவிட அறிந்தவர்கள் இல்லை. அவர்கள் குதிரைக்கு நல்ல பராமரிப்பாளர்களாக வருவார்கள். மாட்டை அடித்து விரட்டும் துவரங்கம்பை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வரவேண்டும். வலிக்குப் பயந்து பாயும் குதிரை தடைக்கு முன்னால் ஒருநாள் நின்றுவிடும், ஏறியிருப்பவர் தனியாகத் தாண்டுவார். தடை தாண்டும்போது குதிரையின் காலில் கம்பால் அடித்து உயரப் பாயவைக்கும் பழைய வித்தையைச் சர்வதேச விதிகளும் தடைசெய்துள்ளன.

இனி எல்லாரும் கேட்கும் கேள்வி: நெடுந்தீவில் இத்தனை குதிரை கட்டாக்காலியாகத் திரிகிறதே, ஒன்றைப் பிடித்துப் பழக்கினால் என்ன?

கூடாது. அவை போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரை வளர்ப்பின் மிச்சம். ஒல்லாந்தரின் லாயம் இடிபாடாக இன்னும் நிற்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் வளர்ப்பு நின்றுபோக, குதிரைகள் தம்பாட்டில் வாழப் பழகிக்கொண்டன. தீவின் ஒரு பகுதி 2015 ஜூனில் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. குதிரையைத் தீவிலிருந்து வெளியே கொண்டுவருவது சட்டத்துக்கு மாறு. சட்டத்தை விட்டாலும் அவை சிறிய உடல்வாகுள்ள மட்டக்குதிரைகள். வளர்ந்த ஆளை ஏற்றிக்கொண்டு ஒரு மீற்றர் தடையைத் தாண்ட அவை உண்டானவை அல்ல. அவற்றின்மேல் அக்கறை இருந்தால், வறட்சிக் காலத்தில் அவற்றுக்குத் தண்ணீர் கிடைக்க வனசீவராசிகள் திணைக்களத்தோடு சேர்ந்து உதவுங்கள். குறிகட்டுவானில் படகேறிப் போய்ப் படம் எடுப்பதைவிட அது பெரிய காரியம்.

பந்தயத்திலிருந்து விலக்கிய குதிரை மலிவாக வரும் என்று நுவரெலியாப் பக்கம் பார்ப்பவர்களும் உண்டு. நேராக ஓடவே பழக்கப்பட்ட, எளிதில் சூடேறும் குதிரை அது; அதை மறுபடி பழக்குவது தேர்ந்தவர் வேலை. கற்கும் பிள்ளைக்கு எட்டு வயது முதல் பதினான்கு வயது வரையான, தடைகளைப் பலமுறை தாண்டிப் பார்த்த, கொஞ்சம் சோம்பலான குதிரைதான் நல்லது. விற்பவருக்குத் தொடர்பில்லாத மிருக வைத்தியர் கால்களையும் கண்ணையும் இதயத்தையும் பார்க்காமல் காசு மாறக்கூடாது. வெளிநாட்டிலிருந்து இறக்குவதானால் கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதியும் தனிமைப்படுத்தல் விதிகளும் முதலில், விலைபேசுவது அதன்பின்.

மைதானம் பற்றிச் சுருக்கமாக. சர்வதேசப் போட்டிக்குத் திறந்தவெளியில் குறைந்தது 4,000 சதுர மீற்றர் வேண்டும். நம் கணக்கில் ஏறத்தாழ பதினாறு பரப்பு, அதாவது ஓர் ஏக்கர். வீட்டில் பழக 20க்கு 40 மீற்றர் போதும், மூன்று பரப்புக்குச் சற்று மேல். வலிகாமத்துச் செம்மண் கோடையில் கல்லாக இறுகும். அதன்மேல் பாய்ந்து இறங்கினால் குளம்பும் மூட்டும் போகும். வடமராட்சி கிழக்கின் ஆழமான மணலில் தசைநாண் இழுபடும். உறுதியான அடித்தளத்தின் மேல் நாலைந்து அங்குல மணல்தான் தேவை. அந்த மணலை அனுமதியோடு வாங்குங்கள். மணற்காட்டு மேடுகளை இரவில் அள்ளிக்கொண்டு வரும் உழவு இயந்திரத்திடம் வாங்க வேண்டாம்.

தடைக்குப் பனஞ்சிலாகையைப் பயன்படுத்த எல்லாருக்கும் ஆசை. பாரமானது, சிராய் கூரானது, கால் பட்டால் விழாது. தடை என்பது தட்டினால் விழ வேண்டிய பொருள். வழுவழுப்பாகச் சீவிய சவுக்குத் தடிகளை ஆழமில்லாத கிண்ணத்தாங்கியில் வையுங்கள், கட்டாதீர்கள். முதல் மாதங்களில் தடி தரையிலேயே கிடக்கட்டும். துள்ளோட்டத்துக்கு 1.3 மீற்றர் இடைவெளி. பாய்ச்சலோட்டத்தில் பெரிய குதிரையின் ஓர் எட்டு ஏறத்தாழ 3.6 மீற்றர், மட்டக்குதிரைக்கு அதைவிடக் குறைவு. இந்த எட்டை எண்ணப் பழகிய பிள்ளைதான் பிறகு தடையிலிருந்து தடைக்கு ஓட்டத்தெரிந்த பிள்ளை. ஒரு தடி விழுந்தால் நான்கு புள்ளி தண்டனை, குதிரை முதல்முறை மறுத்தாலும் நான்கு, சர்வதேச விதியில் இரண்டாம் மறுப்போடு வெளியேற்றம். மறுப்புக்குக் காரணம் பெரும்பாலும் உயரம் அல்ல, வந்துசேர்ந்த தூரம் பிழைத்ததுதான். நான்கு வயதுக்குள் எந்தக் குதிரையையும் பாயவிடக்கூடாது. வளர்ந்த குதிரைக்கும் கிழமைக்கு இரண்டு நாள் தடைதாண்டல் போதும்.

வேலை காலை ஏழு மணிக்குள் முடிய வேண்டும். வெப்பநாடுகளில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். தோல் உலர்ந்து மூச்சு மட்டும் வாங்கும். அப்படிக் கண்டால் உடனே நிழல், உடல் முழுக்கத் தண்ணீர், மிருக வைத்தியர். தகரக் கூரை வேண்டவே வேண்டாம், கிடுகுக் கூரை நல்லது. மாரியில் ஈரத்தில் நின்றால் குளம்பின் அடி அழுகும். ஏர்ப்பு வலிக்கும் விசர்நாய்க் கடிக்கும் தடுப்பூசி கட்டாயம். ஆறு முதல் எட்டு கிழமைக்கொருமுறை குளம்பு சீவ வேண்டும். லாடக்காரர் கொழும்பிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ வரவேண்டியிருக்கும். அவர் வரும் நாளை உறுதிசெய்யாமல் குதிரை வாங்குவது, மெக்கானிக் இல்லாத ஊருக்குப் பழைய கார் வாங்குவது போல.

போட்டி எங்கே? இலங்கையின் பெயரில் தடைதாண்டலுக்கு ஒலிம்பிக் வரை போனவர் மத்தில்டா கார்ல்சன். இலங்கையில் பிறந்து சுவீடன் குடும்பத்தில் வளர்ந்தவர். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் சொப்பின் என்ற குதிரையோடு களமிறங்கினார். குதிரையேற்றத்தில் இலங்கைக்கு அதுவே முதல் ஒலிம்பிக். அவருடைய பயிற்சியும் தகுதிப் போட்டிகளும் ஐரோப்பாவில் நடந்தவை. 2018 ஆசிய விளையாட்டின் குதிரையேற்றத்தில் இரண்டு வெள்ளி வென்ற பெங்களூரின் ஃபுவாத் மிர்சாவும் மேல்நிலைப் பயிற்சிக்கு ஜேர்மனி போனவர்தான். கிழமைக்குக் கிழமை போட்டி நடக்கும் இடத்தில்தான் போட்டியாளர் உருவாகிறார். குடாநாட்டில் அப்படி ஒன்று இல்லை.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். முதல் ஆண்டுக் காசைக் குதிரையில் போடாதீர்கள், பாடத்தில் போடுங்கள். பள்ளி விடுமுறைகளில் கொழும்பிலோ, பலாலியிலிருந்து நேரே பறக்கக்கூடிய சென்னையிலோ ஒரு பயிற்சிப் பள்ளியில் பிள்ளையைச் சேருங்கள். ரொறன்ரோவிலோ இலண்டனிலோ பெரியப்பா, மாமி வீடு இருந்தால் கோடை விடுமுறை அங்கே போகட்டும். பிறர் குதிரையை மாதவாடகைக்கு எடுத்துப் போட்டியிடும் வழக்கம் அந்நாடுகளில் உண்டு. தரச்சான்றுள்ள தலைக்கவசம் மட்டும் சொந்தமாக வாங்குங்கள். ஒருமுறை பலமாக விழுந்தபின் அதையும் மாற்றுங்கள். ஓராண்டு கழித்தும் பிள்ளை விடிய எழும்பி லாயம் கூட்டத் தயாராக இருந்தால், உங்கள் கிணறும் அறுகும் வேலியும் சரியாக இருந்தால், அப்போது இரண்டு குதிரை வாங்குங்கள். ஒற்றையாக நிற்கும் குதிரை சரியாகத் தீனி தின்னாமலும் போகலாம்.